சனிக்கிழமை ஸ்டேபிள்ஃபோர்ட்: எட்டு மாதங்களின் ஸ்கோர் அட்டைகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆற்றுக்கும் டீ ஆற்றுக்கும் நடுவே கடலை நோக்கி நீளும் விர்ரல் தீபகற்பத்தில் நாங்கள் வசிக்கிறோம். 2023ஆம் ஆண்டின் ஓபன் சாம்பியன்ஷிப் நடைபெற்ற ஹாய்லேக் இங்கேதான் இருக்கிறது என்பதால் கோல்ஃப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் இந்தப் பகுதியின் கோல்ஃப் அந்த ஒரு திடலோடு முடிந்துவிடுவதில்லை. பள்ளி ஆசிரியரும் தபால்காரரும் ஓய்வுபெற்ற கப்பல் தொழிலாளியும் ஒரே பட்டியலில் பெயர் கொடுத்து வாரந்தோறும் ஆடுகிற சிறிய கிளப்புகள் இங்கே பல உண்டு. அப்படிப்பட்ட ஒன்றில் கடந்த மார்ச் மாதம் நான் உறுப்பினராகச் சேர்ந்தேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் பயிற்சிக் கூடத்தில் பாயின் மேல் பந்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தேனே தவிர, போட்டி என்ற ஒன்றில் கால் வைத்ததில்லை. சேரும்போது எனக்குக் கிடைத்த ஹாண்டிகேப் (ஆட்டத் திறனுக்கேற்ற அடிச் சலுகையைக் காட்டும் எண், திறன் கூடக் கூட அது குறையும்) 38.0, இதை எழுதும் நவம்பரில் அது 28.9. இந்த எட்டு மாதங்களில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை, என்னைப் போலவே கிளப் போட்டிகளில் சேரத் தயங்கி நிற்பவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

முதலில் ஹாண்டிகேப் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் மிரண்டு பின்வாங்குகிறார்கள். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹாண்டிகேப் முறைப்படி, புதியவர் 54 குழிகளுக்கு, அதாவது மூன்று முழுச் சுற்றுகளுக்கு, இன்னொருவர் சாட்சிக் கையெழுத்திட்ட அட்டைகளைக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த மூன்றும் 121, 117, 113 அடிகள். எங்கள் திடலின் பார், அதாவது எல்லாக் குழிகளுக்கும் சேர்த்து எதிர்பார்க்கப்படும் அடிகள், 71. தேர்ந்த ஆட்டக்காரருக்குத் திடல் எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் கோர்ஸ் ரேட்டிங் 70.2, மற்றவர்களுக்கு எவ்வளவு கூடுதலாகக் கடினம் என்பதைக் காட்டும் ஸ்லோப் 121. இவற்றை வைத்துக் கணக்கிட்டால் என் 113 அடிச் சுற்றின் மதிப்பு 40.0 ஆகிறது, மூன்று அட்டைகள் மட்டுமே இருக்கும்போது அவற்றில் சிறந்ததை எடுத்து அதிலிருந்து 2 கழிப்பது விதி என்பதால் 38.0 கிடைத்தது. அட்டைகள் சேரச் சேர இந்த வழி மாறி, இருபது வந்த பிறகு கடைசி இருபதில் சிறந்த எட்டின் சராசரி நம்முடைய எண்ணாகிறது. எண் வாங்குவதற்கு யாரும் நன்றாக ஆட வேண்டியதில்லை, உண்மையாக ஆடினால் போதும். உச்ச வரம்பு 54.0 வரை இருக்கிறது.

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். எங்கள் கிளப்பில் சனிக்கிழமைப் போட்டி பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில்தான் நடக்கும். மாதம் ஒருமுறை மட்டும் எல்லா அடிகளையும் எண்ணும் மெடல். இந்த முறை இன்றைய வடிவம் பெற்ற மண் இதுதான் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். விர்ரலின் வட முனையிலிருக்கும் வாலஸி கோல்ஃப் கிளப்பின் உறுப்பினராக இருந்த அறுவை மருத்துவர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட், கடற்காற்றில் முதல் இரண்டு மூன்று குழிகளிலேயே அடிகள் எகிறிப்போனவர்கள் மனமுடைந்து அட்டையைக் கிழித்துப் போடுவதைப் பார்த்து, குழிக்குக் குழி புள்ளி வழங்கும் இந்த முறையை வகுத்தார். 1932ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி வாலஸியில் அது போட்டியாக நடத்தப்பட்டது. ஹாண்டிகேப் சலுகையைக் கழித்த பிறகு அந்தக் குழியின் பார் எண்ணிக்கை வந்தால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, ஒன்று குறைந்தால் 3, இரண்டு குறைந்தால் 4. இரண்டோ அதற்கு மேலோ கூடினால் புள்ளி இல்லை, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஒரு குழியில் நேர்ந்த விபத்து அந்தக் குழியோடு முடிந்துவிடுகிறது. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் நான் மே மாதத்திலேயே விலகியிருப்பேன் என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன்.

முதல் போட்டியில் எடுத்தது 21 புள்ளிகள். ஹாண்டிகேப்புக்கு ஏற்றபடி ஆடினால் 36 வர வேண்டும். என்னோடு ஆடியவர்களில் ஒருவர் பர்க்கன்ஹெட் கப்பல் கட்டும் தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைக் கடந்தவர். இன்றுவரை என் அட்டையை அதிகம் எழுதியவர் அவர்தான். கோல்ஃப் போட்டியில் ஒருவர் தம்முடைய ஸ்கோரைத் தாமே எழுதி முடித்துவிட முடியாது என்பதைப் பயிற்சிக் கூடத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. தொடங்கும் முன் அட்டைகளை மாற்றிக்கொள்கிறோம். என் அட்டை அவர் கையில், அவர் அட்டை என் கையில். ஒவ்வொரு குழி முடிந்ததும் நான் என் அடிகளைச் சொல்ல, அவர் எழுதிக்கொள்கிறார். இறுதியில் இருவரும் கையெழுத்திடுகிறோம். நடுவர் என்று யாரும் உடன் வருவதில்லை. இன்னொரு மனிதருடைய நான்கு மணி நேரத்தை எழுதும் பொறுப்பு நம் கையிலிருக்கும்போது அவருடைய பந்து எந்தப் புதரில் போகிறது, எத்தனையாவது அடி என்பதையெல்லாம் நம்முடையதைப் போலவே கவனிக்கத் தொடங்குகிறோம். பேச வெட்கப்படும் சுபாவம் கொண்ட எனக்கு இந்த அட்டை மாற்றம்தான் கிளப்பின் வாசலைத் திறந்து கொடுத்தது.

அவரிடம் நான் கற்ற முதல் பாடம் அடிப்பது பற்றியதன்று. ஐந்தாவது கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்பரப்பில், என் பந்து விழுந்த இடத்தில் ஓர் அங்குல அளவுக்குப் பள்ளம் ஏற்பட்டிருந்தது. நான் முள்கரண்டி போன்ற அந்தச் சிறு கருவியைப் பள்ளத்தின் அடியில் குத்தி மண்ணை மேலே நெம்பினேன். அவர் குனிந்து என் கையைப் பிடித்து நிறுத்தி, “நெம்பினால் வேர் அறுந்துவிடும், பதினைந்து நாளில் அந்த இடம் பழுப்பாகிவிடும், ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள்” என்றார். பள்ளத்தின் விளிம்பில் நான்கு பக்கமும் குத்தி, சுற்றியுள்ள புல்லை நடுவில் வந்து சந்திக்கும்படி மெதுவாக நகர்த்தி, பட்டர் என்னும் உருட்டு மட்டையின் அடிப்பாகத்தால் இரண்டு முறை தட்டினார். பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. அன்றிலிருந்து என்னுடையதோடு பிறர் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துச் சரிசெய்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

மே மாதம் முழுவதும் முன்னேற்றம் இல்லை: 24, 22, 27, 23. இந்த நான்கு அட்டைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, புள்ளி எதுவும் கிடைக்காத குழிகளை மட்டும் வட்டமிட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வட்டங்கள் இருந்தன. அவற்றில் பத்தொன்பது, முதல் அடியை ட்ரைவர் என்னும் நீண்ட மட்டையால் அடித்து, வலப்புறம் கோர்ஸ் (gorse) என்னும் முட்புதருக்குள் இழந்த குழிகள். மஞ்சள் பூவாகப் பூத்துக் கிடக்கும் அந்தப் புதர் பார்க்க அழகானது, ஆனால் உள்ளே போன பந்து கிடைப்பதில்லை. 2019 முதல் தேடுவதற்கு மூன்று நிமிடங்கள்தான் அனுமதி. ஆகவே ஜூன் மாதத் தொடக்கத்தில் ட்ரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஐந்தாம் எண் ஹைபிரிட் மட்டையால் தொடங்கினேன். தூரம் ஐம்பது கெஜம் வரை குறைந்தது. ஆனால் பெரும்பாலான குழிகளில் எனக்கு இரண்டு அடிகள் சலுகை இருக்கும்போது, 380 கெஜக் குழியின் கிரீனை நான் இரண்டாம் அடியில் எட்ட வேண்டிய தேவையே இல்லை. நான்காம் அடியில் எட்டி இரண்டு பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) போட்டாலும் இரண்டு புள்ளிகள் வந்துவிடும். சலுகை என்பது இழப்பீடாகக் கொடுக்கப்படுவது என்று அதுவரை நினைத்திருந்தேன். திட்டமிட்டுச் செலவழிப்பதற்காகக் கொடுக்கப்படுவது அது என்று புரிந்த நாளில்தான் என் ஆட்டம் மாறியது.

இன்னொரு மாற்றம் பட்டிங். ஏப்ரலில் ஒரு சுற்றுக்குச் சராசரியாக 42 பட்கள் போட்டுக்கொண்டிருந்தேன். ஜூன், ஜூலையில் இங்கே இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால், வேலை முடிந்து வந்து பயிற்சிக் கிரீனில் முப்பது அடி தூரத்திலிருந்து மட்டும் ஆடினேன்; குழியில் விழச் செய்வதை நோக்கமாகக் கொள்ளாமல், குழியைச் சுற்றி மூன்றடி வட்டத்துக்குள் நிறுத்துவதை மட்டும் இலக்காக வைத்தேன். இப்போது சராசரி 36. பந்து உருண்டு வந்து வட்டத்துக்குள் நிற்கும் அந்த வேகத்தைக் கைகள் தாமாகவே நினைவில் வைத்துக்கொள்ள ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. இதற்கு நேர்மாறாக, காணொளிகளைப் பார்த்து மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிய ஆகஸ்ட் மாத முயற்சியால் மூன்று வாரங்கள் வீணாயின. பழைய பிடிக்கே திரும்பிவிட்டேன்.

ஜூலை மூன்றாம் சனிக்கிழமை 41 புள்ளிகள் எடுத்தேன். மொத்தம் 101 அடிகள். இன்னொருவரும் 41 எடுத்திருந்ததால் கடைசி ஒன்பது குழிகளின் புள்ளிகளை ஒப்பிடும் கவுண்ட்பேக் முறையில் அவர் 21, நான் 20 என்று இரண்டாம் இடம் எனக்குக் கிடைத்தது. கிளப்பின் கடையான ப்ரோ ஷாப்பில் 18 பவுண்டு வரவு வைத்தார்கள். அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் என் பெயரை எழுத்துப் பிழையின்றி அச்சிட்டிருந்ததுதான்; போட்டிச் செயலாளர் முந்தைய வாரமே என்னைக் கூப்பிட்டு, எப்படி எழுத வேண்டும், எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் நடந்ததைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். அன்று என் அட்டையில் 38 புள்ளிகள். மாலை வரை அதுவே முதலிடம். இரவு படுக்கும்போது ஒவ்வொரு குழியாக மனத்தில் மறுபடி ஆடிப் பார்ப்பது என் வழக்கம். பதினான்காவது குழிக்கு வந்ததும் உறுத்தியது. நான் ஐந்து என்று சொல்லியிருந்தேன். முட்புதருக்குப் பக்கத்திலிருந்து வெளியே தட்டிவிட்ட அந்தச் சின்ன அடியைச் சேர்த்தால் ஆறு. எழுந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன், ஆறுதான். அந்த மேட்டின் மறுபக்கம் தம்முடைய பந்தைத் தேடிக்கொண்டிருந்த வெல்டர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் சொன்னதை நம்பி எழுதியவர் அவர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஹாண்டிகேப் செயலாளருக்கு அழைத்துச் சொன்னேன். உண்மையில் எடுத்ததைவிடக் குறைவான எண்ணிக்கையில் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம் என்பது விதி. புள்ளிகளைக் கூட்டுவதும் சலுகையைக் கணக்கிடுவதும் போட்டிக் குழுவின் வேலை; ஒவ்வொரு குழிக்குமான அடிகளுக்கு மட்டும் ஆடுபவரே பொறுப்பு. ஹாண்டிகேப் கணக்குக்காக 37 புள்ளிகள் என்று திருத்தி வைத்துக்கொண்டு, போட்டி முடிவிலிருந்து என் பெயரை நீக்கினார். பிறகு வெல்டருக்கும் அழைத்தேன், ஏனென்றால் அவருடைய கையெழுத்தும் அந்த அட்டையில் இருந்தது. அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அடுத்த சனிக்கிழமை 8:24க்கு என் பெயருக்குக் கீழே உங்கள் பெயரையும் எழுதிவிடுகிறேன்” என்றார். அதன் பிறகு ஊரிலிருந்து கொண்டுவந்த, அம்மாவின் பல்லாங்குழிச் சோழிகளில் பத்தை இடது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆடுகிறேன். ஓர் அடிக்கு ஒரு சோழி வலது பைக்கு மாறும். குழி முடிந்ததும் வலது பையில் இருப்பதை எண்ணிச் சொல்கிறேன்.

போட்டி இல்லாத நேரத்தில்தான் கிளப் எவ்வளவு பேருடைய உழைப்பில் நிற்கிறது என்பது தெரிகிறது. கேப்டன் பதவி ஓராண்டுக்குத்தான். முந்தைய கேப்டன்களின் பெயர்கள் சுவரில் மரப்பலகையில் பொன்னெழுத்துகளாக இருக்கின்றன. மாதத்தில் ஒரு செவ்வாய் மாலை, பெயர்ந்த புல்கட்டிகளின் தழும்புகளை நிரப்ப மணலும் விதையும் கலந்த வாளிகளோடு இருபது முப்பது பேர், கிரீன் வரை நீளும் புல்வெளியான ஃபேர்வேயில் வரிசையாக நடக்கிறோம். ஆகஸ்ட் இறுதியில் கிரீன்களில் விரல் பருமனுக்குத் துளையிட்டு மண்ணை எடுத்து மணலைத் தூவியபோது பலரும் முணுமுணுத்தார்கள். இறுகிய மண்ணுக்குள் காற்றும் நீரும் இறங்காவிட்டால் குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும் என்று தலைமை கிரீன்கீப்பர் எனக்கு ஒரு மண் துண்டை வெட்டிக் காட்டி விளக்கினார். வேர்கள் எங்கே நின்றுவிட்டன என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அக்டோபரில் நீண்டநாள் உறுப்பினர் ஒருவர் காலமானபோது கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அந்தச் சனிக்கிழமை எல்லாக் குழுக்களும் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் ஆடத் தொடங்கின.

இப்போது பகல் குறுகிவிட்டது. உறைபனி விழும் காலைகளில் தற்காலிக கிரீன்களில் ஆடுகிறோம், ஃபேர்வேயில் பந்தைத் துடைத்து வைத்துக்கொள்ளச் சலுகை உண்டு. இதுவரை 27 அட்டைகள் கொடுத்திருக்கிறேன். 36 புள்ளிகளுக்கு மேல் வந்தவை ஆறு. ட்ரைவரை மறுபடி எடுப்பதா என்பதை மார்ச்சில்தான் முடிவு செய்வேன். அதுவரை கிரீனைச் சுற்றி நாற்பது கெஜத்துக்குள் அடிக்கும் சிறு அடிகளைத்தான் பழகப்போகிறேன், ஏனென்றால் புள்ளி கிடைக்காத குழிகளுக்கு நான் போடும் அண்மைய வட்டங்களில் பெரும்பாலானவை அங்கேதான் விழுகின்றன. குளிர்கால இணையர் லீக் அடுத்த வாரம் தொடங்குகிறது. வெல்டரும் நானும் ஓர் அணியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். முதல் ஆட்டம் ஞாயிறு காலை 9:10க்கு.