பனியன் கம்பெனியிலிருந்து முழுநேர எழுத்துக்கு

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் எட்டு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு பெட்டி கட்டித் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்வரை நூல், சாயம், தையல், ஷிப்மெண்ட் எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். 2022 மார்ச் மாதத்தோடு அந்த வேலையை விட்டு முழுநேரமாக எழுத வந்தேன். மொழிபெயர்ப்பு, பிறருக்காக எழுதித் தருவது, விழா மலர், சப்டைட்டில், நடுவில் என் சொந்தக் கதைகள் என்று இன்றைக்குப் பிழைப்பு ஓடுகிறது.

பார்க்கிறவர்கள் எல்லாம் "எப்படி இந்தத் தைரியம் வந்தது?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தைரியத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரிந்தது வேறு. வேலை செய்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. சம்பளத்தில் அது ஒரு மாதம். எழுத்தில் மூன்று மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். நான் செய்த ஏற்பாடுகள் எல்லாமே அந்த இடைவெளியைத் தாண்டுவதற்குத்தான்.

அம்மா இதை உடனே பிடித்துவிட்டார். "எழுதறதெல்லாஞ் சரி கண்ணு, மாசமானா பணம் வந்துருமா?" என்றார். வராது என்று சொல்ல மனம் வரவில்லை. வரவைக்கிறேன் என்றேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மனைவிக்குத் தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலை. வாடகையும் மளிகையும் அவர் சம்பளத்தில் ஓடிவிடும் என்ற தெம்பில்தான் நான் ராஜினாமா கடிதம் கொடுத்தேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால், வீட்டில் ஒரே சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு வேலையை விட்டுவிடக்கூடும். அவர்களுக்குக் குறைந்தது ஒரு வருடச் செலவாவது கையில் வேண்டும் என்பேன்.

மார்ச் கடைசியில் விட்டதற்குக் காரணம் உண்டு. நிதியாண்டு அதோடு முடிகிறது. அந்த வருடக் கணக்கு முழுக்கச் சம்பளம், அடுத்த வருடக் கணக்கு முழுக்கத் தொழில் வருமானம். இரண்டும் ஒரே வருடத்தில் கலந்தாலும் தாக்கல் செய்யலாம், ஆனால் புதிதாகக் கணக்கு எழுதப் பழகுகிறவருக்கு இது எவ்வளவோ நிம்மதி.

விடுவதற்கு முன்பே முடித்தாக வேண்டியது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசி நாம் வெளியே வரும் நாளோடு நின்றுவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அப்போது நான்கு வருடம் வரை இருந்தது. 2024-இல்தான் அதை அதிகபட்சம் மூன்று வருடமாகக் குறைத்தார்கள். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறிக்கொண்டால், ஏற்கெனவே கழிந்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இதை நோட்டீஸ் பீரியட் ஆரம்பித்த உடனே எழுதிக் கேட்க வேண்டும். கடைசி நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. பிரீமியத்தைப் பார்த்தால் நெஞ்சு திக்கென்று இருக்கும்தான். ஆனாலும் வேறு எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது.

அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு, நான் விலகியபோது இருந்த 1972-ஆம் வருடச் சட்டப்படி அது உரிமை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் அப்போதைய கணக்குப்படி ஒரு வருடத்துக்கான தொகை. 20,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 11,538. எட்டு வருடத்துக்கு 92,000 சொச்சம். நாலரை வருடத்தில் மனம் வெறுத்து வேலையை விடத் துடிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எழுத்தில் இந்தத் தொகையைச் சேர்க்க எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

பி.எஃப். பணத்தை நான் எடுக்கவில்லை. நிறுவனம் நான் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் இழுத்தது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு, உறுப்பினர் போர்ட்டலில் ஆதார் ஓடிபி போட்டு நாமே அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. 8 சதவீதத்துக்கு மேல் வட்டி வரும் பணத்தை எடுத்து மாதச் செலவில் கரைத்துவிட்டால், பிறகு அவசரத்துக்குக் கை நீட்ட எதுவும் இருக்காது.

இனி வேலைக்கு வருகிறேன்.

மொழிபெயர்ப்புதான் முதலில் கைகொடுத்தது. ஒரு பதிப்பகம் வார்த்தைக்கு 60 பைசா என்றது. எந்த மொழி வார்த்தைக்கு என்று கேட்டேன். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்க வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் நான்கு வார்த்தையில் இருப்பது தமிழில் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். ஆயிரம் ஆங்கில வார்த்தைகளைத் தமிழாக்கினால் என் கையில் பெரும்பாலும் எழுநூறு சொச்சம்தான் வருகிறது. தமிழ் வார்த்தைக்குக் கூலி என்று ஒத்துக்கொண்டால் கால் பங்குக்கு மேல் அப்போதே போச்சு. மூலத்தின் வார்த்தை எண்ணிக்கைக்குத்தான் கூலி என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

பனியனுக்குக் காஸ்டிங் போட்டுப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாளைக்கு 2,000 வார்த்தை முடித்தால் 1,200 ரூபாய். மாதம் 22 நாள் உட்கார்ந்தால் 26,400. ஆனால் மொழிபெயர்த்ததைத் திரும்பப் படித்துத் திருத்தவும், மெய்ப்புப் பார்க்கவும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரம் போகிறது. அதையும் கழித்தால் 18,000 பக்கம் வந்து நிற்கும். அதுவும் மாதந்தவறாமல் வேலை இருந்தால். புத்தக மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி என் குடும்பம் ஓடாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது. அதனால் நிறுவனங்களின் விளம்பரம், செயலிகளின் தமிழாக்கம், சப்டைட்டில் என்று கூலி கொஞ்சம் கூடுதலாக உள்ள வேலைகளை மாதத்தில் பாதி நாளுக்கு வைத்துக்கொண்டேன்.

கொங்குப் பக்கத்தில் நன்றாகக் காசு வரும் எழுத்து வேலை ஒன்று உண்டு, வெளியூர் எழுத்தாளர்கள் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. மலர். கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட வெள்ளிவிழா மலர், அறுபதாம் கல்யாண மலர், சதாபிஷேகத்துக்குப் பெரியவரின் வாழ்க்கை வரலாறு. குடும்பமே பணம் போட்டு அச்சடித்து, விசேஷத்தன்று வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுப்பார்கள். பாதித் தொகை முன்பணம், மீதி விசேஷத்துக்கு முன். தேதி குறித்தாகிவிட்டதால் அவர்களாலும் இழுத்தடிக்க முடியாது.

அப்படி ஒரு பனியன் கம்பெனிப் பெரியவரின் கதையை எழுதினேன். நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் அவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. பழைய குடோனுக்குக் கூட்டிப்போனால் போதும், சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, எந்த மூலையில் முதல் நிட்டிங் மெஷின் நின்றது, யாரிடம் கடன் வாங்கி அதை இறக்கினார், மழையில் நூல் நனைந்த அன்றைக்கு அவர் மனைவி எந்த நகையைக் கழற்றிக் கொடுத்தார் என்று வரிசையாகச் சொல்வார். போனில் பதிவு செய்துகொண்டே பின்னால் நடப்பேன். முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோது சொன்னார்: "தம்பி, நாஞ் சொன்னதை அப்படியே எழுதிப்போடாதீங்க. ஆனா படிச்சா நான் பேசற மாதிரியே இருக்கோணும்." பிறருக்காக எழுதும் வேலையைப் பற்றி இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அட்டையில் என் பெயர் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் தொகை பேசியிருந்தேன், அதனால் வருத்தமும் இல்லை.

ஆனால் மொழிபெயர்ப்பில் பெயரை விட்டுக்கொடுக்க மாட்டேன். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் இதை எழுதியது நான்தான் என்று கோரும் உரிமையைத் தருகிறது. 19-ஆவது பிரிவு இன்னும் முக்கியம். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும்தான். அதனால்தான் சில ஒப்பந்தங்களில் "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று கவனமாக எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, ஒலிநூல் உரிமையையாவது என்னிடமே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்பேன். பாதிப் பேர் மறுப்பே சொல்லாமல் ஒத்துக்கொள்கிறார்கள்.

பணம் வராமல் நின்ற சம்பவமும் உண்டு. ஒரு விளம்பர நிறுவனம் வேலையை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அந்த வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்பே உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்திருந்தேன். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், பதிவுக்குக் கட்டணம் கிடையாது. தனியாளாக எழுதுகிறவர்களும் குறுந்தொழில் சேவை என்று பதிவு செய்யலாம். சிறு குறு தொழில்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-இலிருந்து இன்னொரு பிடியும் சேர்ந்தது: காலத்தில் தராமல் நிதியாண்டு முடிந்தும் பாக்கி நிற்கும் தொகையை வருமான வரிக் கணக்கில் அவர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. உத்யம் எண்ணையும் இந்தப் பிரிவுகளையும் போட்டு, மேலாளரை விட்டுவிட்டு அவர்கள் கணக்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த மொழி உடனே புரிகிறது. பணம் வந்தது. இப்போது என் பில் ஒவ்வொன்றிலும் அந்த எண் இருக்கும்.

வரியைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. எழுத்துக்கூலியில் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடிப்பார்கள், ஒரே இடத்திலிருந்து வருடத்துக்கு 30,000 தாண்டினால் என்றிருந்தது, 2025 ஏப்ரலிலிருந்து 50,000 ஆனது. பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். வருமானம் குறைவென்றால் தாக்கல் செய்ததும் திரும்பி வந்துவிடும். மூன்று வருடம் ஒழுங்காகத் தாக்கல் செய்தால், வங்கியில் கடன் கேட்கும்போது சம்பளச் சீட்டுக்குப் பதில் அதைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். ரசீதுகளை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், ஆடிட்டர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

அம்மாவுக்குச் சொன்ன வாக்குக்கு வருகிறேன். எழுத்தில் வரும் எல்லாப் பணமும் ஒரு தனிக் கணக்குக்குப் போகும். அதில் எவ்வளவு இருந்தாலும் 5-ஆம் தேதி ஒரே தொகை வீட்டுக் கணக்குக்கு மாறும்படி வங்கியில் சொல்லிவைத்திருக்கிறேன். மலர் முடிந்து மொத்தமாகப் பணம் வந்த மாதத்திலும் அதே தொகைதான், பதிப்பகத்திலிருந்து எதுவும் வராத மாதத்திலும் அதே தொகைதான். கம்பெனியில் வாங்கியதைவிடக் குறைவு. இரண்டாம் வருடக் கடைசியில் கொஞ்சம் கூட்டினேன். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வருவதால் செப்டம்பரிலிருந்து பதிப்பகங்களில் வேலை குவியும், பிப்ரவரியில் காய்ந்துவிடும். அந்த வறட்சியைத் தாங்கும் அளவுக்குக் கணக்கில் நான்கு மாதத் தொகை எப்போதும் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

எதற்காக வேலையை விட்டேனோ, அந்தச் சொந்த எழுத்துக்கு முதல் வருடம் இடமே கிடைக்கவில்லை. கூலி வேலை வந்து நாள் முழுக்க உட்கார்ந்துகொண்டது. இப்போது காலை ஐந்திலிருந்து எட்டு வரை கூலி வேலை எதையும் தொடுவதில்லை. போன் சமையலறை அலமாரியில் இருக்கும். சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவல் பாதிக்கு மேல் வந்திருக்கிறது. எட்டு மணிக்கு மனைவி பள்ளிக்குக் கிளம்பும்போது அதை மூடிவைத்துவிட்டு, அடுத்தவர்களுடைய வேலையைத் திறக்கிறேன்.