நீயா, நீங்களா? அலுவலக சிட்காம் தமிழுக்கு வரும்போது

அந்தேரியின் ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் அலுவலக சிட்காம் ஒன்றைத் தமிழாக்க உட்காருபவர், வசனத்துக்கு முன்னால் ஓர் அட்டவணையை எழுதிக்கொள்வது நல்லது: யார் யாரை 'நீ' என்பார், யார் யாரை 'நீங்க' என்பார். ஆங்கிலத்துக்கு 'யூ' ஒன்றே போதும். மும்பையில் பல நேரம் துணைக்கு ஹிந்தி ஸ்கிரிப்டும் கையில் இருக்கும், சிக்கல் அங்கேதான். ஹிந்தியில் ஆப், தும், தூ என்று மூன்று படிகள். நடுவில் இருக்கும் 'தும்' தமிழில் எந்தப் பக்கம் சாயும் என்பது ஆளைப் பொறுத்தது. யோசிக்காமல் எல்லாவற்றையும் 'நீ' ஆக்கினால், மூன்றாவது காட்சியில் குமாஸ்தா மேலாளரை 'நீ வா' என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இந்த அட்டவணையைப் போடும்போதே எபிசோடின் பலமும் ஓட்டையும் தெரிய ஆரம்பித்துவிடும். 'தி ஆஃபீஸ்' அமெரிக்கத் தொடரின் 4-ஆவது சீசனில் வரும் 'டின்னர் பார்ட்டி'யை எடுத்துக்கொள்வோம். 2008 ஏப்ரல் 10 அன்று ஒளிபரப்பானது; ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வந்த முதல் எபிசோடு. எழுதியவர்கள் லீ ஐசன்பெர்க், ஜீன் ஸ்டுப்னிட்ஸ்கி. இயக்கம் பால் ஃபீக்.

கதை சின்னதுதான். வார இறுதியில் எல்லாருக்கும் ஓவர்டைம் என்று மேலாளர் மைக்கேல் புளுகுகிறார். ஆட்கள் தங்கள் வேலைகளை எல்லாம் ரத்து செய்த பிறகு ஓவர்டைமையும் ரத்து செய்துவிட்டு, 'இப்ப சும்மாதானே இருக்கே' என்று ஊழியர்களான ஜிம், பாம் காதல் ஜோடியை வீட்டு விருந்துக்கு மடக்கிவிடுகிறார். இந்தச் சனிக்கிழமை லீவா வேலையா என்று வெள்ளி சாயங்காலம் வரை தெரியாமல் தாணே லோக்கலில் தொங்கும் நம்மவர்களுக்கு இதற்கு அடிக்குறிப்பு தேவையில்லை. சிரிப்பு அதிகாரத்தில் இருக்கிறது, சொல்லில் இல்லை. அதனால் மொழி மாறினாலும் சேதாரம் கிடையாது.

விருந்தில் சாப்பாடு வராத ஜோக்கும் அப்படித்தான். இறைச்சி வேக இன்னும் 3 மணி நேரம் ஆகும் என்கிறாள் மைக்கேலோடு ஒரே வீட்டில் வாழும் காதலி ஜான். அந்த இத்தாலிய உணவின் பெயரைத் தமிழில் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், 'கறி' போதும். பாமின் பதில் கேள்வி இன்னும் கூர்மையாகவே தமிழில் விழும்: "3 மணி நேரம்னா, இப்பலேருந்தா? இல்ல, அடுப்புல வச்சதுலேருந்தா?"

அடுத்தது சொல் வரிசை. சுவரில் மாட்டிய குட்டி பிளாஸ்மா டிவியைப் பெருமையாகக் காட்டும் மைக்கேல், சில சமயம் இங்கேயே நின்று மணிக்கணக்காக டிவி பார்ப்பேன் என்கிறார். ஆங்கிலத்தில் 'மணிக்கணக்காக' கடைசியில் வருகிறது, வெடி அங்கேதான். தமிழில் வினைச்சொல் கடைசிக்குப் போய் வெடியை நமத்துப்போகச் செய்யும். வாக்கியத்தை இரண்டாக வெட்ட வேண்டும்: "சில சமயம் இங்கேயே நின்னு டிவி பார்ப்பேன். மணிக்கணக்கா."

சப்டைட்டில் என்றால் இன்னொரு கவனமும் வேண்டும். நடிகர் பாதி பேசும்போதே முழு வாக்கியமும் திரையில் வந்துவிட்டால், அவர் முடிக்கும் முன்பே பார்ப்பவர் படித்துச் சிரித்துவிடுவார். நடிகர் மூச்சு விடும் இடத்தில் துண்டை மாற்ற வேண்டும். வழக்கமாக ஒரு துண்டுக்கு இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்துக்குறிகள். சில மென்பொருள்கள் 'தொ'வை இரண்டாக எண்ணும், புள்ளியைத் தனியாக எண்ணும். அப்படிப் பார்த்தால் தமிழுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 28 எழுத்துதான். 'சம்பந்தப்பட்ட' போன்ற சொற்களைத் தூக்கி எறிய இது நல்ல சாக்கு.

டப்பிங்கில் எதிரி வேறு. ஓர் ஆவணப்படக் குழு அலுவலகத்தைப் படமெடுப்பதாகப் பாவனை செய்யும் தொடர் இது. கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேசும் துண்டுகளில் வாய் முழுதாகத் தெரியும். உதடு மூடும் இடத்தில் ம, ப விழாவிட்டால் பல்லிளிக்கும். சாப்பாட்டு மேசைக் காட்சி அந்த விஷயத்தில் தாராளம். கையில் பிடித்த கேமரா பேசுபவரை விட்டுக் கேட்பவர் முகத்துக்குத் தாவும் இடங்களில் நாலு அசையைக் கூடுதலாக ஒளித்துக்கொள்ளலாம். ஆனால் வாய் தெரியவில்லையே என்று புதிதாக ஒரு ஜோக்கைச் செருகும் நம் பழக்கம் இங்கே விஷம். ஜிம் பேசாமல் கேமராவைப் பார்க்கும் அந்த இரண்டு நொடிதான் சிரிப்பே. பின்னணிச் சிரிப்பொலி இல்லாத தொடர் இது, மௌனத்தை நிரப்பினால் எதுவும் மிஞ்சாது.

இனி ஓட்டைகள். ஜான் முன்பு மைக்கேலுக்கே மேலதிகாரி, 3-ஆவது சீசன் முடிவில் வேலை போனவள். இது தெரியாமல் இந்த எபிசோடை மட்டும் பார்ப்பவருக்கு அவள் வெறும் எரிச்சல்காரி. சுமார் 22 நிமிடத்துக்குள் அதை நினைவூட்டும் வசனம் ஒன்றைக்கூட நுழைக்க இடமில்லை. அவளுடைய பழைய உதவியாளர் ஹன்டர் பாடிய பாட்டை அவள் ஓடவிட்டு ஆடுகிறாள். ஜோக் முழுக்கப் பாட்டு வரிகளில். டப்பிங்கில் பாட்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு வரிகளைத் திரையில் எழுதாமல் போனால், மற்றவர்கள் ஏன் நெளிகிறார்கள் என்றே புரியாது. ஆவணப்படக் குழு ஒரு மேலாளரின் படுக்கையறை வரை ஏன் வந்தது என்ற கேள்விக்கு எந்த மொழியிலும் பதில் கிடையாது. அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவதே உத்தமம்.

மூலத்தில் இல்லாத ஒன்று தமிழுக்குக் கூடுதலாகக் கிடைக்கவும் செய்கிறது. பழைய சீசன்களில் மைக்கேல் ஜானிடம் 'நீங்க' போட வேண்டும், மேலதிகாரி அல்லவா. இப்போது ஒரே வீடு, 'நீ' ஆகிவிட்டது. சண்டை முற்றி அவள் மைக்கேலின் விருதுச் சிலை ஒன்றை வீசி டிவியை உடைக்கிறாள். 200 டாலர் டிவி போச்சு, பூஜ்யம் டாலர் சம்பளத்திலும் அதற்கு மேல் கிடைக்கும் சலுகைகளிலும் இதை எப்படிக் கட்டுவாய் என்று மைக்கேல் கத்துகிறார், கடைசியில் கொஞ்சல் வார்த்தையோடு. டாலரை ரூபாயாக்க வேண்டாம். டிவி எவ்வளவு சின்னது என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. 'சலுகைகள்' மட்டும் சப்பென்று இருக்கும். அங்கே 'நீங்க'ளைத் திரும்பக் கொண்டுவரலாம்: "உங்க சம்பளம் பூஜ்யம், பி.எஃப். தனி. அதுலேருந்து கட்டிடுங்க, செல்லம்."