நீலகிரி கேத்தி நாட்குறிப்பு: பனி நாட்கள்

ஜனவரி 6
காலையில் கதவைத் திறந்தால் வாசல் பக்கெட் தண்ணீர்மேல் கண்ணாடித் தகடு மாதிரி பனிக்கட்டி. வெயில் ஏறியதும் பள்ளத்தில் இருக்கிற கால் ஏக்கர் தேயிலை பழுப்பாகிவிட்டது. மேட்டில் இருப்பது தப்பித்தது. குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். (தாவைச் செடியை வெட்டித் தேயிலைமேல் போட்டு மூடுங்கள் என்று மூன்று நாளாகச் சொன்னேன். சரி, இப்போது எழுதி என்ன.)

"என்னங்க, எவ்வளவு போச்சு?"
"பாக்கலாம்."
"தவணையை எப்படிக் கட்றது?"
"பாக்கலாம்."

அப்புறம் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். கவாத்துக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. காதலிக்கும்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டுப் பேசிய மனுஷன்!

ஜனவரி 7
கோவையில் சைக்காலஜி படிக்கிற தங்கைக்கு போன். முக்கால் மணி நேரம். நான் அழுது முடித்ததும் சிரிக்கிறாள்: "அக்கா, நீ இப்ப பண்றதுக்கே ஒரு பேர் இருக்கு."

நெருக்கடி வந்தால் உடம்பு சண்டைக்கு நிற்கும், இல்லையென்றால் ஓடும் என்றுதான் சொல்லிவந்தார்களாம். பெண்களிடம் இன்னொன்றும் உண்டு, பிள்ளைகளை அணைத்துக்கொள்வார்கள், துணைக்கு ஆள் தேடிப் போவார்கள் என்று 2000இல் எழுதியவர் ஷெல்லி டெய்லர் என்ற அமெரிக்கப் பேராசிரியை. நெருக்கடியில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்த, 1995க்கு முந்தைய ஆய்வுக்கூடச் சோதனைகளில் பெண்கள் சுமார் 17 சதவீதம்தானாம். ஆண்களை அளந்துவிட்டு மனித உடம்பு என்று எழுதிவிட்டார்கள்.

ஜனவரி 9
சாப்பிடும்போது மறுபடி தவணைப் பேச்சு. தட்டை வைத்துவிட்டு எழுந்தார். பின்னாலேயே போனேன். காதுமடல் சிவந்திருந்தது, கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. கல் மாதிரி இருக்கிறாரே என்று நினைத்திருந்தேன்.

தங்கை ஜான் காட்மன் என்று ஒருவரைச் சொன்னாள். தம்பதிகளை வாக்குவாதம் செய்யவிட்டு நாடித்துடிப்பை அளந்தவர். துடிப்பு 100ஐத் தாண்டினால் காதில் எதுவும் ஏறாது, 20 நிமிஷமாவது விடுங்கள் என்கிறாராம். இரண்டு மணி நேரம் விட்டேன். படுக்கும்போது அவராகவே, "ஒரு மாசம் தள்ளிக் கட்டலாமான்னு சங்கத்துல கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

ஜனவரி 10
பனி இல்லை. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 12
ஆம்பளைகளே இப்படித்தான் என்று முடிவுகட்டி வைத்திருந்தேன். இன்று கேட்டார்: பள்ளத்துத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போடலாம், உன் வளையலை ஆறு மாதம் அடகு வைக்கலாமா?

"பாக்கலாம்" என்றேன்.

சமையலறைக்கே வந்துவிட்டார். "ஏதாவது சொல்லேன். ஏன் பேச மாட்டேங்கற?" நான் குக்கரைத் துலக்கினேன். துலக்கின குக்கரையே மறுபடி துலக்கினேன்.

தங்கைக்கு ஒரே குஷி. கிறிஸ்டென்சன், ஹீவி என்று இரண்டு பேர் 1990இலேயே இதைப் பார்த்திருக்கிறார்களாம். மனைவி மாற்றம் கேட்டால் அவள் துரத்துவதும் கணவன் ஒதுங்குவதும் அப்பட்டமாகத் தெரிந்தது; கணவன் கேட்கிற விஷயமானால் அந்த வித்தியாசம் காணாமல் போனது. "வளையல் உன்னோடது, அதான் வாய் மூடிடுச்சு" என்கிறாள். பதில் சொல்லவில்லை. அவளிடமும்.

ஜனவரி 13
வளையல் கையில்தான் இருக்கிறது. கேரட் விதை என்ன விலை என்று கேட்டேன்; அரை மணி நேரம் சொன்னார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, ராத்திரி நிச்சயம் பனி. தாவை வெட்ட வருகிறாயா என்று கீழேயிருந்து கூப்பிடுகிறார். ஸ்வெட்டரைத் தேடவேண்டும்.