கையெழுத்து மட்டும் தமிழில்

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிறேன். பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், மரணச் சான்றிதழ்தான் வரும். விசாவுக்கு என்பார்கள், அவசரம் என்பார்கள், அரை மணித்தியாலத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிடுவேன். காணி உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், அப்படி இல்லை. உறுதியோடு வருகிறவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த ஒரு அக்கா இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அறுபது வயதைத் தாண்டியிருப்பார். காணிப் பதிவகத்தில் எடுத்த உறுதிப் பிரதி ஒன்றை நீட்டினார். ஐந்து பக்கம், எல்லாம் ஆங்கிலம்.

“எந்தக் கோட்டுக்கு அக்கா?” என்று கேட்டேன்.

“கோட்டுக்கு இல்ல தம்பி, எனக்கு. நான் கையெழுத்து வெச்சதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.”

பதினைந்து வருடங்களுக்கு முன் அண்ணன் வந்து, வீட்டுக் கூரையைத் திருத்த வங்கிக் கடன் எடுக்கிறேன், எல்லோரும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற ஒரு நொத்தாரிசின் அலுவலகத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். விரலால் இடத்தைக் காட்டினார்கள். வைத்தார். இப்போது அம்மாவும் இல்லை. தொடர்மாடி கட்டுகிறவர்கள் வந்து காணியை அளக்கிறார்கள்.

வாசித்துக்கொண்டே தமிழில் சொன்னேன். அது கடன் பத்திரமே இல்லை. நன்கொடை உறுதி. ஒன்பது பேர்ச்சஸ் காணியிலும் வீட்டிலும் தனக்குள்ள பிரிவுபடாத எட்டில் ஒரு பங்கை, மீளப்பெற முடியாத நன்கொடையாக அண்ணனுக்குக் கொடுத்திருந்தார். அப்பா மரண சாசனம் எழுதாமல் இறந்தவர். வாரிசுரிமை பற்றிய 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி நாலு பிள்ளைகளுக்கும் சமனாக. அந்த எட்டில் ஒரு பங்கு தன்னிடம் இருந்தது என்பதே அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருந்ததும் போனதும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

‘இயல்பான அன்பும் பாசமும் காரணமாக’ என்ற இடம் வந்தது. நன்கொடை உறுதிகளில் வழமையாக வருகிற வாசகம். நூற்றுக்கணக்கான தடவை எழுதியிருப்பேன். அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அன்புன்னு எழுதியிருக்கா?”

“ஓம் அக்கா.”

“அத நான் சொல்லல்லியே தம்பி. யாரு சொன்னது?”

எனக்குப் பதில் வரவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஒப்பம் வைப்பவர் தானே வாசித்தாரா, நொத்தாரிசு வாசித்து விளங்கப்படுத்தினாரா என்பதை நொத்தாரிசு தன் அத்தாட்சியில் சொல்லவேண்டும். இங்கேயும் வாசித்து விளங்கப்படுத்தியதாக ஒழுங்காக எழுதியிருந்தது. அதற்கு மேலே, அத்தனை ஆங்கிலத்துக்கும் கீழே, அக்காவின் கையெழுத்து. உருண்டை உருண்டையாகத் தமிழில்.

இப்படி வருகிறவர்களில் அநேகருக்குத் தங்களுக்கு எந்தச் சட்டம் என்பதே தெரியாது. தமிழர் என்றால் தேசவழமை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் வட மாகாணத்தைத் தாயகமாகக் கொண்ட தமிழருக்கு உரியது. ஒல்லாந்தர் அதை 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள். யாழ்ப்பாணத்து ஆள் வெள்ளவத்தையில் வீடு வாங்கி இருந்தாலும் அது அவரைத் தொடரும். மட்டக்களப்புக்காரருக்கும், கொட்டாஞ்சேனையிலேயே தலைமுறையாக இருக்கிறவருக்கும், மலையகத்தில் இருந்து வந்தவருக்கும் பொதுச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வேறாக இருக்கிறது. ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவுகளில் இருக்கிற இரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு வாரிசுரிமை. தேசவழமை உறுதிகளில் வருகிற முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் நான் அப்படியே விட்டுவிடுவேன். நீதிமன்றமும் அப்படியேதான் எழுதுகிறது. சீதனம் வாங்கிய பெண்பிள்ளை அதோடு திருப்திப்படவேண்டும் என்று அந்தப் பழைய தொகுப்பில் இருக்கிற வரியைத் தம்பிமார் இன்றைக்கும் அக்காமாருக்கு நேரே சொல்லுவதை இந்த அறையில் கேட்டிருக்கிறேன். அந்தச் சீதனம் எவ்வளவு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இன்னொரு நம்பிக்கை பத்து வருடம். “பத்து வருஷமா நான்தான் இருக்கேன், வீடு எனக்குத்தான்” என்பார்கள். ஆட்சியுரிமைக்குப் பத்து வருடம் என்பது சரிதான். ஆனால் பங்காளிகளுக்குள் அது சும்மா ஓடாது. ஒரு பங்காளி இருப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருப்பதுதான் என்று, அந்தக் காலத்தில் இறுதி மேன்முறையீடு போன லண்டன் கோமறை மன்றம் 1911இலேயே நம் நாட்டு வழக்கொன்றில் சொல்லிவிட்டது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் வழக்குக்குப் போயிருக்கமாட்டார்கள்.

வழக்குப் போட்டாலும் கொழும்புக் காணியில் பிரிக்க என்ன இருக்கிறது? ஒன்பது பேர்ச்சஸில் எட்டில் ஒன்று, ஒரு பேர்ச்சஸும் கொஞ்சமும். ஒரு கட்டிலும் அலுமாரியும் வைக்கலாம். பங்கு பிரிக்க முடியாத காணியை நீதிமன்றம் விற்கச் சொல்லும். முதலில் பங்காளிகளுக்குள், சரிவராவிட்டால் பகிரங்க ஏலத்தில். அதுவரைக்கும் வருடங்கள் போகும். வழக்குத் தொடங்கிய பிள்ளையின் மரணச் சான்றிதழையே ஒருதரம் அந்த வழக்குக்காக மொழிபெயர்த்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றுதான். ஒருவர் தன் சொத்தைக் கூடப்பிறந்தவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், அது அவருடைய விருப்பம். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தன் மொழியில் காதால் கேட்காமல் ஒருவரும் பேனையைத் தூக்கக்கூடாது. ‘அண்ணன்தானே’ என்று வைக்கிற கையெழுத்தை நாளைக்கு அண்ணனே நினைத்தாலும் இலேசாக அழிக்க முடியாது. மொழிபெயர்ப்பாளனிடம் உறுதிகள் பதினைந்து வருடம் பிந்தித்தான் வருகின்றன. இப்போது யாராவது ஒப்பம் வைக்க முதல் வரைவைக் கொண்டுவந்தால், காசு வாங்காமல் வாசித்துக் காட்டுகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் வருகிறார்கள்.

அக்காவிடம், சட்ட உதவி ஆணைக்குழு இங்கே பக்கத்தில்தான், போய்க் கேளுங்கள் என்றேன். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று காட்ட வழி இருக்கிறதா, வாங்கியவரின் பெரிய நன்றிகேட்டைக் காட்டி நன்கொடையை மீட்க முடியுமா என்பதைச் சட்டத்தரணிதான் சொல்லவேண்டும். தலையை ஆட்டினார். போவாரா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மொழிபெயர்ப்பை வாங்க வந்தார். கடைசிப் பக்கத்தில் விதிப்படி நான் எழுதியிருந்த ‘ஒப்பம் – தமிழில்’ என்ற வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்புறம் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, இன்னொரு பிரதி வேண்டும் என்றார்.

“மகளுக்கா அக்கா?”

“அண்ணனுக்கு. அவருக்கும் இங்கிலிஷ் வாசிக்க வராது தம்பி.”

இரண்டிலும் முத்திரை குத்திக் கொடுத்தேன்.