பூம்புகார்: கண்ணகியைத் தாண்டியும் கதை இருக்கு

பூம்புகார்னாலே கண்ணகி, கோவலன்னு சொல்லி முடிச்சுடறோம். எனக்குப் பிடிச்சது மணிமேகலையில வர்ற கதை. சோழன் கிள்ளிக்கும் நாகநாட்டு பீலிவளைக்கும் பிறந்த பிள்ளை, கம்பளச்செட்டியோட கப்பல்ல வரும்போது கப்பல் உடைஞ்சு காணாமப் போயிடுது. மகனைத் தேடி அலைஞ்ச ராஜா இந்திரவிழாவையே மறந்துட்டான். மணிமேகலா தெய்வம் சபிக்க, கடல் ஊரைக் கொண்டுடுச்சு. பெத்தவன் தவிப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? மணிமேகலையை எழுதின சாத்தனார்கிட்டதான் கேக்கணும்.

இன்னொண்ணு, பூம்புகாரைப் பாடற சங்கப்பாட்டு பட்டினப்பாலை. கடலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, புலி முத்திரை குத்தும் சுங்கம்னு துறைமுகத்தையே கண்முன்னாடி நிறுத்துது. மொத்தமே 301 அடி. இதுக்குக் கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்ததா கலிங்கத்துப்பரணி சொல்லுது. (கவிஞர்கள் பெருமூச்சு விடலாம்!)

அதைவிட அழகு, 13ஆம் நூற்றாண்டுல சோழநாட்டை இடிச்சுத் தள்ளின சுந்தரபாண்டியன், பட்டினப்பாலைக்காகக் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் தொடாம விட்டானாம். திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாட்டு சொல்ற சேதி இது.

பூம்புகார் போறவங்க கடற்கரையோட திரும்பிடாதீங்க. பக்கத்துல கீழையூர்ல செங்கல்லால கட்டின பழைய படகுத்துறையைத் தோண்டி எடுத்திருக்காங்க, பல்லவனேசுவரத்துல புத்த விகாரையும் இருக்கு.