வலக்கை எழும்பி நிற்குது: அம்மம்மாவின் பஃப் கை, மூன்றாம் தரம்

அம்மம்மாவின் பழைய படத்தில் இருக்கிற மாதிரி எனக்கொரு சேலைச் சட்டை தைக்கிறேன். அதற்கு மூன்றாம் தரம் வெட்டின வலது பஃப் கை (தோளில் உப்பி நிற்கிற கை) நேற்று இரவு பத்தரைக்கு எழும்பி நின்றது. கஞ்சி போடவில்லை, இலாஸ்டிக்கும் இல்லை. 1960 இல் ஸ்டூடியோவில் எடுத்த அம்மம்மாவின் படத்தில் இருக்கிற அதே வளைவு. மட்டக்களப்பு, கல்லடி வீட்டு ஹோலில் ஒற்றைக் கைச் சட்டையோடு நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பஃபை விரலால் ஒருதரம் அமத்திப் பார்த்தா. விட்டதும் திரும்ப எழும்பிச்சுது. மறுகா இன்னொருதரம் அமத்தினா.

மெசின் அம்மம்மாவின் சிங்கர் 15 தான். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போய் இரண்டு நாள் நனைந்து கிடந்த மெசின். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கறள் எடுத்த பிறகு இப்போது ஓட்டம் சுகம். பொபின் கேஸை (கீழ் நூல் இருக்கிற கூட்டை) நூலில் தொங்கவிட்டு ஒரு உலுக்கு உலுக்கினால் ஒன்றரை இஞ்சி இறங்கி நிற்குது; கீழ் நூல் இறுக்கம் சரி.

பிழைத்தது கை வெட்டில். முதல் தரம் கை வெட்டுகிற மாதிரிக் கடதாசியை நடுவால் கீறி மூன்று இஞ்சி விரித்தேன். அகலம் கூடினால் பஃப் வந்துவிடும் என்று நம்பினேன். வந்தது சுருக்கு மட்டும்; கை நனைந்த துணி மாதிரித் தோளில் படுத்தது. அகலம் சுருக்கைத்தான் தரும், எழுப்பத்தைத் தருவது உயரம். கையின் மேல் வளைவின் உச்சியை ஒன்றரை இஞ்சி தூக்கி வெட்டவேண்டும். இதை எந்த வீடியோவிலும் ஆறுதலாகச் சொல்லிக் காட்டவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

இரண்டாம் தரம் உயரம் சரி. ஆனால் சுருக்கெல்லாம் கமக்கட்டுப் பக்கம் வழுக்கி ஓடியது. தோள் தையலில் இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டரை இரண்டரை இஞ்சி அடையாளம் வைத்து, அதற்குள்ளேதான் சுருக்கு நிற்கவேண்டும். தையல் கோடு அரை இஞ்சியில் என்றால், இழுக்கிற தையல் ஒன்று அதற்கு வெளியே, ஒன்று உள்ளே. மேல் நூல் டென்ஷனை (இறுக்கத்தை) நல்லாத் தளர்த்தி, கீழ் நூலை இழுக்கவேண்டும். பொபினில் பருத்தி நூல் போட்டு இரண்டு தரம் அறுந்தது; பொலியெஸ்டர் போட்ட பிறகு அறுந்துபோகவில்லை. பொருத்தும்போது சுருக்குள்ள பக்கம் மேலே இருக்கட்டும். ஒவ்வொரு மடிப்பையும் ஊசி முனையால் நேராக்கிக்கொண்டு, சில்லைக் கையால் உருட்டித்தான் தைத்தேன். ஐந்து இஞ்சிக்கு நாற்பது நிமிசம்.

அப்படியும் நிற்கவில்லை. அதன் பிறகுதான் பெட்டியில் கிடந்த அம்மம்மாவின் சட்டை ஒன்றின் கையை, மனம் பொறுக்காமல், பிரித்தேன். உள்ளே, வளைவின் உச்சியில், இரண்டாய் மடித்த ஓர்கண்டி (விறைப்பான மெல்லிய பருத்தித் துணி) துண்டு ஒன்று கைத்தையலால் பிடித்திருந்தது. துணியை இழைக்குக் கோணலாக வெட்டியிருக்கிறா. அறுபது வருசமாக அந்தப் பஃபைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்தத் துண்டுதான்.

அந்தச் சட்டையின் உள்பக்கத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கமக்கட்டில் இரண்டு தரம் ஒட்டுப் போட்டிருக்கு. பக்கத் தையல் மூன்று தரம் பிரித்து விட்டிருக்கு. படத்தில் கொண்டையும் புரூச்சுமாய் நிற்கிறவ, அம்மப்பா இல்லாத வீட்டில் ஐந்து பிள்ளைகளை இந்த மெசினால்தான் வளர்த்தா. 'அந்தக் காலத்துப் பொம்பிளையளின் அடக்கம்' என்று அந்தப் படத்தைக் காட்டிச் சொல்கிற சொந்தக்காரர்மேல் எனக்கு உண்மையாகவே கோபம். எங்கட பக்கம் குடி (குலம்) தாய்வழி, வீடும் மகளுக்குத்தான். அம்மம்மாவின் வீடு அம்மாவுக்கு வந்தது, மெசின் எனக்கு வந்தது.

போன கிழமை பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் பார்த்துச் சொன்னா: "இப்பதான் புள்ள நீ பொம்புளப் புள்ள மாதிரி இரிக்கிறாய்." நான் வீதி வேலையில் டி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்); ஹெல்மெட்டும் களிசானுமாய்த் தார் போடுகிற இடத்தில் நிற்கிறவள். மோட்டசைக்கிள் வாங்கின நேரம் இதே மாமி "ஆம்புளப் புள்ள மாதிரி" என்றவ. இரண்டு சொல்லும் எனக்கு ஒரே இடத்தில்தான் வலிச்சுது. "மாமி, ரெண்டுக்கும் ஒரே ஸ்க்ரூ ட்ரைவர்தான்" என்று காட்டினேன். கார்பரேட்டரைக் கழட்டின அதே ஸ்க்ரூ ட்ரைவரால்தான் பொபின் கேஸின் திருகாணியையும் இறுக்கினேன். எனக்கு அந்தப் பஃப் கை வேணும், அந்த நிமிர்ந்த தோள் வேணும். வேலைத்தளமும் வேணும்.

ஓர்கண்டி விசயம் ஒன்று. காத்தான்குடியில் நாலு கடை ஏறி இறங்கினேன். கேட்டால் மினுங்குகிற ஓர்கன்சாவைத்தான் எடுத்துப் போடுகிறார்கள். அது தோளில் அராவும். கடைசியில் அதையே வாங்கி, மெல்லிய வொயில் துணிக்குள் சுற்றித் தைத்தேன். அராவவில்லை. பருத்தி ஓர்கண்டி எங்கேயாவது கிடைக்கிறது தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, இரண்டு கெஜம் எடுத்து வைக்கப்போகிறேன்.

சேலை மருதமுனைக் கைத்தறியில்தான். கல்முனைக்குப் போகிற வழியில் இறங்கி, தறிவீட்டிலேயே பார்த்து எடுக்க எண்ணம். படம் கறுப்புவெள்ளை, சேலை கத்தரிப்பூ நிறம் என்று அம்மா சொல்றா, பெரியம்மா பச்சை என்கிறா. நான் கத்தரிப்பூவுக்குத்தான் மனம் வைத்திருக்கிறேன். அதற்குள் கழுத்து வெட்டையும் மாற்றலாமா என்று யோசனை ஓடுது. படத்தில் படகுக் கழுத்து மாதிரித் தெரியுது, சேலைத் தலைப்பு மறைக்குது.

இடது கை இன்னும் வெட்டக்கூட இல்லை. உள்துண்டு தைத்தபோது 11 ஆம் நம்பர் ஊசி முறிந்தது, 14 வாங்கவேண்டும். வாற சனிக்கிழமை வேலைத்தளம் இல்லை.