பிரசவ அறைக்குள் யாரை விடுவது?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த சில வாரங்களிலேயே அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளையெல்லாம் தள்ளிப்போட்டார்கள். மூட்டு, கண், பல் என்று எத்தனையோ துறைகள் அடங்கிவிட்டன. பிரசவத்தை யார் தள்ளிப்போட முடியும்? வலி எடுத்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், பிரசவ வார்டு செவிலியர்களான நாங்களும் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தோம். செவிலியருக்கும் மகப்பேறு செவிலியருக்குமான சர்வதேச ஆண்டு என்று அந்த 2020ஐத்தான் அதே நிறுவனம் முன்பே குறித்து வைத்திருந்தது. அது எங்களுக்கே மறந்துபோயிற்று.

அந்த நாட்களைப் பற்றிக் கேட்கிறவர்கள் முதலில் கிருமி படாமல் உடம்பு முழுக்க மூடிய பிபிஇ உடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஷிஃப்ட் முழுக்க வியர்வை, மூக்கின் மேல் மாஸ்க் பதித்த தழும்பு, பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தது எல்லாம் உண்மைதான். ஆனால் அது உடம்பு பட்ட பாடு, உடையைக் கழற்றியதும் பாதி தீர்ந்துவிடும். எனக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பது, கூட வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துக்கொண்டு போனதுதான்.

பிரசவத்தின்போது தனக்கு வேண்டிய ஒருவர் விடாமல் பக்கத்திலேயே இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியன் தேவைப்படுவது குறைகிறது. பல நாடுகளில் பல வருடங்களாகச் சோதித்துப் பார்த்த விஷயம் இது. கொரோனா உறுதியான பெண்ணுக்கும் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அப்படியிருந்தும் எத்தனையோ இடங்களில் கணவரையும் அம்மாவையும் 'பார்வையாளர்' பட்டியலில் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டார்கள். கிருமியைப் பற்றி ஒன்றுமே தெரியாத முதல் சில வாரங்களில் அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. பரிசோதனை வந்தபிறகும், மாஸ்க் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தபிறகும், மாதக்கணக்கில் அதே விதியைப் பிடித்துக்கொண்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண். முக்க வேண்டும்போல உணர்வு வந்துவிட்டது, ஆனால் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கவில்லை. இந்த நேரத்தில் முக்கக்கூடாது, வாயால் மூச்சை ஊதி ஊதி விட வேண்டும். வழக்கமாக நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்து ஊதிக் காட்டுவோம், அவர்கள் அதைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு என் முகத்தில் அவருக்குத் தெரிந்ததே கண்கள் மட்டும்தான். அதுவும் கண்ணாடியில் ஆவி படிந்து பாதி மறைந்திருந்தது. மாஸ்க்கும் ஷீல்டும் தாண்டிக் குரலும் சரியாகப் போகவில்லை. கடைசியில் அவர் கையை எடுத்து என் நெஞ்சின் மேல், கவுனோடு சேர்த்து வைத்து அழுத்திக்கொண்டேன். நான் மூச்சு விடுவது அவர் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அப்படியே என்னோடு சேர்ந்து ஊத ஆரம்பித்தார். அவருடைய கணவர் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட போனில், டிரிப்ஸ் ஸ்டாண்டில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், கையை மட்டும் எடுத்துடாதீங்க" என்றார் அந்தப் பெண். பக்கத்து அறையில் இன்னொருவருக்கும் வலி வந்திருந்தது. சக செவிலியரில் பாதிப்பேர் தனிமைப்படுத்தலில். எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

இன்னொருவர், குழந்தையின் அசைவு குறைந்து சில நாட்கள் கழித்து வந்தார். மருத்துவமனைக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்று வீட்டிலேயே தயங்கியிருந்திருக்கிறார். ஸ்கேனில் துடிப்பு இல்லை. செய்தியைத் தனியாகப் படுத்தபடியே கேட்டார், கணவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். பொறுப்பில் இருந்த மருத்துவர் யாரிடமும் கேட்கவில்லை. "அவரை உள்ளே கூப்பிடுங்க, யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். அந்த ஒரு முடிவுக்காக அவர்மேல் எனக்குள்ள மரியாதை இன்னும் குறையவில்லை.

17 நாடுகளின் 40 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் தாய் இறப்பதும் கூடியிருந்ததாக அது சொன்னது. வசதி குறைந்த நாடுகளில் பாதிப்பு அதிகம். கிருமி மட்டும் செய்த வேலை இல்லை இது, பராமரிப்பு தடுமாறியதும் பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வார்டில் நின்ற எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை.

கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறையாவது பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 2016 முதல் இருக்கிறது. அவற்றில் சில போனுக்கு மாறின. ரத்த அழுத்தம் கூடியிருக்கிறதா என்று அறிய, தலைவலி இருக்கா, கண் மங்குதா, கால் வீங்கியிருக்கா என்று கேட்போம். "லேசாத்தான்" என்று பதில் வரும். நேரில் என்றால் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன், விழுந்த குழி எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். போனில் அந்த விரலுக்கு வேலையே இல்லை. வீட்டில் பி.பி. கருவி வைத்திருந்தவர்கள் பரவாயில்லை. 140க்கு 90ஐத் தொட்டால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவைக்க முடிந்தது. வீட்டில் அடி விழுகிறதா என்று போனில் கேட்கவே முடியாது. அடிக்கிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இதில் மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். நேரில் தனியாக வர நேர்ந்த சிலர், கூட யாரும் இல்லாததாலேயே மனம்விட்டுப் பேசினார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் கூட்டம் இல்லாமல் போனதும் தாய்மார்கள் நன்றாகத் தூங்கினார்கள், கூச்சப்படாமல் பால் கொடுத்துப் பழகினார்கள். ஆக, யாரை எப்போது உள்ளே விடுவது என்பதை அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்கலாம்.

தடுப்பூசி வந்தபோது வேறு மாதிரியான சங்கடம். முதல் கட்டப் பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. "போட்டுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு பதில் கிடைத்தது. 2021இல் பாதுகாப்பானது என்று தரவுகள் வந்து பரிந்துரை தெளிவாவதற்குள் டெல்டா வகைக் கொரோனா வந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில், வயிற்றுக்கு அழுத்தம் வராமல் சுற்றிலும் தலையணை அடுக்கி, நிறைமாதப் பெண்ணைக் குப்புறப் படுக்கவைத்து ஆக்சிஜன் ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரைப் புரட்ட ஐந்தாறு பேர் வேண்டும். அதற்கு நடுவிலும் ஒருவர் டாப்ளர் கருவியைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் துடிப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

அப்புறம் எல்லாம் அடங்கியதும், அடுத்த பெருந்தொற்றுக்கான திட்டம் எழுத எங்களையும் உட்காரவைத்தார்கள். மாஸ்க் எத்தனை, கவுன் எத்தனை, ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டார்கள். பிரசவ அறைக்கு ஒரு பிபிஇ கிட் கூடுதலாகச் சேருங்கள் என்றேன். யாருக்கு என்று கேட்டார்கள். கூட வருகிறவருக்கு என்றேன். கொஞ்ச நேரம் வாதம் நடந்தது. செலவைப் பற்றிப் பேசினார்கள், யார் மேற்பார்வை பார்ப்பது என்றார்கள். உடையை எப்படிப் போடுவது, கழற்றுவது என்று அவர்களுக்கு நாங்களே சொல்லிக்கொடுக்கிறோம் என்று நானும் இன்னும் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டபிறகு, அந்த வரியைச் சேர்த்தார்கள்.